எந்திரனின் திணை: ஒரு திரைப்பட வில்லனின் ஆக்கமும் ஏற்பும்

2010 அக்டோபர் 1 அன்று இயக்குநர் ஷங்கரின் திரைப்படம் ஒன்று தமிழில் 'எந்திரன்' என்றும், தெலுங்கில் 'ரோபோ' என்றும், இந்தியில் 'ரோபோட்' என்றும் மூன்று பெயர்களில் வெளிவந்தது. பெங்களூரு நகரில் இம்மூன்று வடிவங்களையும் காண இயன்றது. ஒரே கதை, ஒரே காட்சி, ஒரே நடிகர். ஆனால் தலைப்பை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தாலே ஒரு வேறுபாடு புலப்படும். பிற இரண்டும் ஒரு பொருளின் பெயரைச் சொல்கின்றன. தமிழ்த் தலைப்போ அப்பொருளுக்கு ஆண்பால் ஈறு கொடுத்து அதனை உயர்திணையில் ஏற்றிவிடுகிறது. படத்தின் கதை தொடங்குமுன்னரே அதன் பூசல் தலைப்பின் ஈற்றில் தொடங்கிவிடுகிறது எனலாம்.

அப்படத்தில் சிட்டி என்னும் எந்திர மனிதன் முதலில் ஏவலாளனாகவும், பின்னர்க் காதலனாகவும், இறுதியில் கொடியோனாகவும் ஆகிறான். அவனை முழுமையாக வெறுக்கவும் இயலாமல், முழுமையாக ஏற்கவும் இயலாமல் அவையோர் தடுமாறினர். அத்தடுமாற்றத்தைக் கதைப்பின்னலின் விளைவாக மட்டுமே கண்டு விமரிசகர்கள் பலர் அமைந்துவிட்டனர். திணைப் பாகுபாடு உடைய ஒரு மொழியில் இத்தகைய பாத்திரம் படைக்கப்படும்போது அத்தடுமாற்றத்திற்கு இலக்கண அடிப்படையும் உண்டு என்பதும், மொழிபெயர்ப்பில் முதலில் நழுவுவது அவ்வடிப்படையே என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

எந்திரம் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. கரும்பு பிழியும் ஆலையைக் குறிக்க ஐங்குறுநூறும் புறநானூறும் இச்சொல்லை ஆள்கின்றன. வடசொல்லான யந்திரம் தமிழ் ஒலியமைதிக்கேற்ப எந்திரம் ஆகியது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க வீரர்களை உள்ளடக்கிய பொறி யானை ஒன்று வருகிறது; சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் செல்லும் மயிற்பொறி வருகிறது. இவை வியப்புக்குரிய கருவிகளே. ஆயினும் யானைப் பொறிக்குள் இருக்கும் சூழ்ச்சி உள்ளே ஒளிந்திருக்கும் மனிதருடையது. மயிற்பொறிக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. பழந்தமிழ்ப் பொறிகள் அனைத்தும் ஐயத்திற்கு இடமின்றி அஃறிணை. 'அம்' ஈறு 'அன்' ஈறாக மாற வேண்டிய தேவை அங்கு எழவில்லை.

அத்தேவை எங்கே எழுந்தது? செக் நாடக ஆசிரியர் காரெல் சாப்பெக் 1920-இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தின் வழியே ரோபோ என்னும் சொல் உலகிற்கு வந்தது என்பதும், கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர் என்பதும் பலரும் அறிந்தவை. தமிழில் இக்கருத்துக்குப் பரவலான வாசகரைத் தேடித் தந்தவர் சுஜாதா. பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய புதினத்தின் தலைப்பு 'என் இனிய இயந்திரா'. இத்தலைப்பின் விளியுருபை ஆய்வாளர் எவரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. மரம் என்பதை 'மரமே' என்று விளிப்போம். 'இயந்திரமே' என்பதுதான் அஃறிணைக்குரிய விளி. 'இராமன்' என்பது 'இராமா' ஆவது போல, 'இயந்திரா' என்பது 'இயந்திரன்' என்னும் எழுவாயை முன்கருதி நிற்கிறது. ஆக, திரைப்படம் வருவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே விளிவேற்றுமையில் மறைந்து நின்ற 'அன்' ஈறுதான் பின்னர்த் தலைப்பாக வெளிப்பட்டது. அப்புதினத்தில் வரும் ஜீனோ ஓர் எந்திர நாய் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். நாய் என்னும் வகையில் அஃறிணை, பொறி என்னும் வகையிலும் அஃறிணை. இரட்டை அஃறிணையை ஆசிரியர் உயர்திணை விளியால் அழைத்தார்.

படத்தின் தலைப்பில் தமிழ்ச்சொல் அமைந்ததற்கு வேறொரு சூழலும் உண்டு. தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்குத் தமிழ்நாட்டு அரசு 2006-இல் கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கமல்ஹாசனைக் கொண்டு எடுக்கத் திட்டமிட்டுக் கைவிடப்பட்டபோது 'ரோபோட்' என்றே பேசப்பட்ட படம், ரஜினிகாந்தை வைத்து மீண்டும் தொடங்கியபோது 'எந்திரன்' ஆயிற்று. வரிக்காகப் பிறந்த சொல் எனச் சிலர் நகைத்தனர். சொற்கள் எவ்வாறேனும் பிறக்கட்டும். பிறந்தபின் அவை என்ன செய்கின்றன என்பதே நம் கவலை. ('வில்லன்' என்னும் ஆங்கிலச் சொல் நம் நாவில் வில்லையுடையவன் என்பது போல இயல்பாக 'அன்' ஈறு பெற்று அமர்ந்துவிட்டதையும் இங்கு நினைக்கலாம். எந்திரன் வில்லன் ஆகும்போது இரு சொற்களும் எதுகையின்றியே இயைந்துவிடுகின்றன.)

உரையாடல் அமைப்பில் மூவர் கை கலந்திருக்கிறது. சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். எஞ்சிய பணியை ஷங்கரும் மதன் கார்க்கியும் நிறைவு செய்தனர். கார்க்கி கணினித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். பல கைபட்ட உரையாடலாயினும், சிட்டியின் மொழியில் ஒரு வளர்ச்சி ஒழுங்கு காணப்படுகிறது. தொடக்கத்தில் அவனுக்குச் சொல்லுண்டு, வழக்கு இல்லை. தொலைக்காட்சியைப் 'போடு' என்றால் கீழே போட்டுவிடுகிறான். கையூட்டுக் கேட்கும் காவலர் 'வெட்டு' என்னும் சொல்லை ஆண்டால் கத்தியால் வெட்டுகிறான். தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என வகுத்துரைத்த இடத்தில்தான் எந்திரனின் அறிவு இடறுகிறது. இவை நகைச்சுவைக்காக வைக்கப்பட்டவை. ஆயினும், ஆய்வுக்குழுவின் முன் போரா என்னும் அறிவியலார் சிட்டியிடம், அவனை ஆக்கிய வசீகரனையே குத்துமாறு ஏவ, அவன் தயங்காமல் முற்படும்போது அதே நகைச்சுவை அச்சமாக மாறுகிறது. ஏவல் வினை ஏவுவோனின் கருத்தைச் சுட்டவில்லை, சொல்லை மட்டுமே சுட்டுகிறது. வில்லத்தனத்தின் முதல் விதை இதுவே. அது தீமை அன்று, பொருள்கோளின் குறை.

அடுத்து வரும் தீவிபத்துக் காட்சி இவ்வரிசையில் மிகக் கொடியது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை எந்திரன் ஆடையின்றியே தூக்கிவந்து காக்கிறான். அவள் நாணத்தால் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். எந்திரனுக்கு நாணம் தெரியாது என்பதைக் காட்டவே இக்காட்சி என்பர். உண்மையில் அங்கு குறையுடையது எந்திரனா, நாணம் போனால் உயிர் தரிக்கலாகாது என்று ஒரு பெண்ணைச் சாகவைத்த கதையமைப்பா என்பது கேட்கப்பட வேண்டிய வினா. படம் அதனைக் கேட்கவில்லை. வசீகரன் எந்திரனுக்கு உணர்ச்சி ஊட்டுவதற்கான காரணமாக மட்டும் அச்சாவைப் பயன்படுத்திக்கொள்கிறது.

இனி, திணை பற்றிய செய்திக்கு வருவோம். மக்கள் என்று கருதப்படுவன உயர்திணை, அல்லாதன அஃறிணை என்பது தொல்காப்பிய நெறி. மரபியலில் ஆறறிவுடையோர் மக்கள் என்று கூறிய தொல்காப்பியம், அக்கிளையில் பிறவும் உள என்று உடனே ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். நரகர் சேர்க்கப்பட்டது கருதத்தக்கது. தீயோராதல் ஒருவரை அஃறிணைக்குத் தள்ளுவதில்லை. நன்மையால் அன்று, பகுத்தறிவால்தான் திணை அமைகிறது.

மற்றொரு விதி திணை வழுவமைதி பற்றியது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் ஒரு திணைப்பொருள் மற்றொரு திணையாகச் சொல்லப்படலாம் என்பது நன்னூல். பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பவனும், சினத்தால் ஒருவனை 'அது' என்பவனும் இலக்கணத்தை மீறவில்லை. அதன் இசைவைப் பெறுகின்றனர். சிட்டியின் வாழ்க்கை முழுவதும் இவ்விதிக்குள் அடங்குகிறது. அவன் இனியவனாயிருக்கும்வரை வீட்டார் உவப்பால் அவனை மகன் போலவும் தோழன் போலவும் நடத்துகின்றனர். சனா அவனுக்கு முத்தம் தருகிறாள். அது பொம்மைக்குத் தரும் முத்தம். அவன் மட்டும் அதனை வழுவமைதியாகக் கொள்ளவில்லை, வழாநிலையாகக் கொள்கிறான். கொடுத்தவர் உவமையாகக் கொடுத்ததைப் பெற்றவன் உண்மையாகப் பெற்றான். இராணுவத்தார் முன் நடந்த சோதனையில் போரை மறுத்துக் காதலைப் பேசும்போது, வசீகரன் சினந்து அவனைக் கோடரியால் துண்டாக்கிக் குப்பைமேட்டில் எறியச் செய்கிறான். உவப்பால் ஏற்றப்பட்ட திணை சினத்தால் இறக்கப்பட்டது. இரண்டு முறையும் முடிவு செய்தவர் மற்றவரே. தனக்குரிய திணையைத் தானே கேட்கும் உரிமை சிட்டிக்கு இல்லை. அவ்வுரிமையைக் கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் அவன் வில்லனாகிறான்.

படத்தின் சிறந்த கண்டுபிடிப்பும் அதன் பெருங்குறையும் அடுத்தடுத்து வருகின்றன. குப்பைமேட்டிலிருந்து அவனை எடுத்துச் செல்லும் போரா, அழிவுக்கான சிவப்புச் சில்லு ஒன்றை அவனுள் பொருத்துகிறான். அதன்பின் நடக்கும் கொலைகள் அனைத்தும் அச்சில்லின் கணக்கில் எழுதப்படுகின்றன. காதல் மறுப்பு, ஆக்கியவனின் கோடரி, குப்பைமேட்டின் இழிவு ஆகிய மூன்றும் ஒருவனைக் கொடியவனாக்கப் போதாவா? சில்லைப் பொருத்தினால் தீமை, கழற்றினால் நன்மை என்றாகும்போது மனச்சான்று ஓர் உதிரிப்பாகம் ஆகிவிடுகிறது. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டுப் புதினத்தில் ஃபிராங்கன்ஸ்டைன் ஆக்கிய உயிருக்கு இத்தகைய புறக்காரணம் இல்லை. புறக்கணிப்பு ஒன்றே அதனைக் கொலைக்குத் தூண்டுகிறது. ஸ்டான்லி கூப்ரிக்கின் 1968ஆம் ஆண்டுப் படத்தில் ஹால் என்னும் கணினிக்குப் பயண நோக்கத்தை மறைக்குமாறு இடப்பட்ட ஆணையே முரணாக அமைகிறது. ஷங்கர் முரணை அகத்தே தொடங்கி, பாதி வழியில் புறத்தே மாற்றிவிட்டார். முதன்மை நடிகரின் முகத்தில் பழி படியலாகாது என்ற வணிகக் கவலையும் இதில் உண்டு என்று ஊகிக்கலாம்.

ஆயினும் அவையோர் சில்லை நம்பவில்லை, நடிகரை நம்பினர். ரஜினிகாந்த் 'மூன்று முடிச்சு' (1976), '16 வயதினிலே' (1977) முதலிய படங்களில் எதிர்நிலைப் பாத்திரங்களால் அறிமுகமானவர். முப்பது ஆண்டுக்கால நாயகத் தோற்றத்துக்கு அடியில் கிடந்த அப்பழைய நகைப்பு, ஆடு போலக் கத்திக் காட்டும் காட்சியில் மீண்டும் கேட்டபோது அரங்கில் எழுந்த ஆரவாரம் நாயகனுக்குக் கிடைத்ததினும் பெரிது. நல்லவனான வசீகரனும் அதே முகத்தோடு அருகிலிருந்தான். அவனை எவரும் பொருட்படுத்தவில்லை. உண்மையில் வசீகரனே இப்படத்தின் தெளிவற்ற பாத்திரம். ஆக்கினான், அழித்தான், வருந்தவில்லை.

பெங்களூருவில் இவ்வேற்பு மற்றொரு வண்ணம் பெற்றது. ரஜினிகாந்த் பிறந்ததும் பேருந்து நடத்துநராகப் பணி செய்ததும் இந்நகரில். தாய்மொழி மராத்தி, பயின்றது கன்னடம், புகழ் பெற்றது தமிழ். 2008-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் பற்றிய அவருடைய பேச்சுக்குக் கன்னட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவர் வருத்தம் தெரிவித்த பின்னரே 'குசேலன்' கர்நாடகத்தில் திரையிடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இப்படத்தில், 'நம்மவன்' என்று உவப்பால் அழைக்கப்பட்டுச் சினத்தால் விலக்கப்படும் பாத்திரத்தில் அவரைக் கண்ட இந்நகரத்துத் தமிழர்க்கும் கன்னடர்க்கும் அது வெறும் கற்பனையாக மட்டும் இருந்திருக்க இயலாது. இதனைச் சான்று காட்டி நிறுவ இயலாது. நகரத்தை அறிந்தவர் மறுக்கவும் மாட்டார்.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய சிக்கல் இங்கேதான் கூர்மை பெறுகிறது. தெலுங்கில் ஒருமைப் பெயர்கள் மகத்து, அமகத்து எனப் பகுக்கப்படுகின்றன. ஆண்மக்கள் மட்டும் மகத்து. பெண்களும் பொருள்களும் ஒருமையில் ஒரே வினைமுற்றுப் பெறுவர். அவள் வந்தாள், அது வந்தது என்னும் இரண்டுக்கும் 'வச்சிந்தி' ஒன்றே. எனவே தெலுங்கில் சிட்டி 'அது' என்னும் நிலையிலிருந்து 'அவன்' ஆகும்போது சனாவைப் பின்னே விட்டு வசீகரனின் வகுப்புக்குள் நுழைகிறான். பொருள் மனிதனாகும் கதை, பொருள் ஆணாகும் கதையாகத் திரிகிறது. பெண்ணொருத்தியை உடைமையாக்க இரு ஆண்கள் பொரும் கதை என்னும் உள்ளுறை தமிழில் மறைந்திருக்க, தெலுங்கு இலக்கணம் அதனை வெளிச்சமிடுகிறது. இதனை இழப்பு என்பதா, ஆதாயம் என்பதா? ஆதாயம் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

இந்தியில் நிலை வேறு. 'வஹ்' என்னும் சுட்டு மனிதர்க்கும் பொருளுக்கும் பொது. 'ரோபோட்' ஆண்பாற்பெயர் ஆதலால், பொறியாய் இருந்தபோதும் 'ஆயா', மனிதன் போல் ஆனபோதும் 'ஆயா'. கடக்க வேண்டிய எல்லை வினைமுற்றில் இல்லவே இல்லை. 'கோ' உருபு இடுவதிலும், 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மதிப்பு வேறுபாட்டிலும் அதனை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் மதிப்பு என்பது சமூகப் படிநிலை; திணை என்பது இருப்பின் படிநிலை. முன்னதைக் கொண்டு பின்னதைப் பெயர்த்தால் சிட்டியின் கோரிக்கை, வேலைக்காரன் எசமானனிடம் கேட்கும் கோரிக்கையாகச் சுருங்கும்.

'அவனு', 'அவளு', 'அது' என்னும் கன்னடப் பாகுபாடு தமிழோடு ஏறத்தாழ ஒன்றுவது. சிட்டியின் திணைமாற்றத்தை ஊறின்றிப் பெயர்க்கத் தக்க மொழி கன்னடமே. அம்மொழியில் இப்படம் வரவில்லை. 1960கள் தொட்டுக் கன்னடத் திரைத்துறையில் நிலவிய மொழிமாற்றப் பட எதிர்ப்பே காரணம்; இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் அவ்வெதிர்ப்பைச் சட்டத்துக்கு மாறான தடை என்று தீர்ப்பளித்த பின்னரே நிலை மாறத் தொடங்கியது. கன்னடப் படத்தொழிலைக் காக்க எழுந்த அவ்வெதிர்ப்புக்கு அதன் காலத்தில் நியாயம் இருந்தது. எனினும் எந்திரனைக் கற்பித்த எழுத்தாளர் பணிசெய்த ஊரில், நடித்த கலைஞர் பிறந்த ஊரில், ஊர்மொழி மட்டும் அவனைப் பேசவில்லை என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் குறித்து வைக்கத் தக்கது.

2018-இல் வந்த '2.0' படத்தில் சில்லு ஏவலாளன் ஆகிவிட்டது; தேவைப்படும்போது பொருத்திக்கொள்ளும் படைக்கலம். அதில் முரண்பட்ட வில்லன் பட்சிராஜன் என்னும் பறவையியலார். அவருடைய துயரம் நியாயமானது, செயல் கொடியது. ஆயினும் அவர் முதலிலிருந்தே உயர்திணை. பறவைகளோடு கலந்து அஃறிணை நோக்கி இறங்குகிறார். அது நேர்மாறான பயணம், தனிக்கட்டுரைக்குரியது.

முதற்படத்தின் இறுதிப்பகுதிக்குத் திரும்புவோம். முறைமன்றம் முதலில் வசீகரனுக்குச் சாவுத்தண்டனை விதிக்கிறது. சிட்டி போராவின் செயலைக் காட்சியாகக் காட்டிச் சான்றளிக்கிறான். தண்டனை அவன்மேல் திரும்புகிறது. கருவியைத் தண்டிப்பார் இல்லை. வாளை எவரும் தூக்கிலிடுவதில்லை. சான்று கூறவும் தண்டனை பெறவும் தகுதியுடையவன் என்று ஏற்ற அளவிலேயே மன்றம் அவனுக்கு உயர்திணை வழங்கிவிட்டது. அவனும் தன்னைத் தானே உறுப்புறுப்பாகக் கழற்றிக்கொள்கிறான். 'கழற்றப்பட்டது' என்று சொல்ல இயலாது. 'கொள்' என்னும் துணைவினை இங்கு வினைமுதலை வேண்டி நிற்கிறது.

பின்னர் 2030ஆம் ஆண்டு அருங்காட்சியகம். ஏன் கழற்றினர் என்று வினவும் பள்ளிச் சிறுமிக்கு, தலை மட்டுமாய் நிற்கும் சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்கிறான். கேட்கா மரபின கேட்பன போலவும் பேசாதன பேசுவன போலவும் கூறும் மரபு அஃறிணைக்கு உண்டு. இதே படத்தில் கொசுக்கள் பேசுவது அம்மரபு. அதில் ஒன்றுக்கு இரங்கராஜன் என்னும் சுஜாதாவை நினைவூட்டும் 'ரங்குஸ்கி' என்னும் பெயர் இட்டதும் இனிய குறும்பு. சிட்டியின் விடை அம்மரபில் அடங்காது. அவ்விடையின் வினைமுற்று 'ஏன்' ஈற்றுத் தன்மை ஒருமை. தொல்காப்பியர் தன்மை வினையை உயர்திணையின்கீழ் வைத்தார்; பேசுவோர் மக்களே என்பது அவர் காலத்து உறுதி. நன்னூலாரோ அவ்வீற்றை இருதிணைக்கும் பொதுவாக்கினார். அவரைப் போற்றிய சீயகங்கன், இந்நகருக்குக் கிழக்கே உள்ள கோலாரைப் பழந்தலைநகராகக் கொண்ட கங்கர் குடியினன். சிட்டியின் இறுதிச்சொல்லைத் தொல்காப்பிய நெறியில் கேட்டால் அவன் மனிதன். நன்னூல் நெறியில் கேட்டால் வழக்கு முடியவில்லை.

தெலுங்கிலும் கன்னடத்திலும் தன்மை ஒருமை வினை திணைபால் காட்டாது. ஆதலின் அவ்விடை அப்படியே செல்லும். இந்தியில் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 'மைம் சோச்னே லகா' என்றால் 'லகா' பேசுவோனை ஆணாக்கிவிடும். 'மைம்னே சோச்னா ஷுரூ கியா' என்றால் வினை 'சோச்னா' என்னும் சிந்தித்தலோடு இயைந்து, பேசியது யார், எது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும்.